மூர்க்கமும் முர்காவும்

சினத்தைச் சுட்டும் சொற்கள் தமிழில் பலவாகும். சினம், வெகுளி, முனிவு, சீற்றம், கோபம், ஆத்திரம், மூர்க்கம் என அவை விரியும். இவை யாவும் ஒரே பொருள் தருவன போலத் தோன்றினும், வழக்கில் ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நில்லாது. தந்தைக்கு வருவது கோபம். பாம்புக்கு உள்ளது சீற்றம். பொறுமை இழந்தவனுக்கு மூளுவது ஆத்திரம். அறிவு முற்றும் அகன்று, தடுப்பார் சொல்லையும் கேளாது, பிடித்த பிடியில் நின்று பாயும் நிலையையே மூர்க்கம் என்கிறோம். சினத்தின் உச்சியில் நிற்கும் சொல் அது.

மலேசியாவில் வாழும் தமிழர்க்கு இச்சொல்லைப் பற்றி எண்ணுதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியை எடுத்துக்கொள்வோம். கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசாருக்குச் செல்லும் கடலோர நாட்டில் நெல்வயலும் தென்னையும் செம்பனையும் அடுத்தடுத்து வரும். அங்குள்ள தமிழ்ப்பள்ளி மாணவன் தமிழும் கற்கிறான், மலாயும் கற்கிறான். தமிழ்ப் பாடத்தில் 'மூர்க்கம்' என்ற சொல் அவன் கண்ணில் படுகிறது. மலாய்ப் பழங்கதை படிக்கையில் 'முர்கா' என்ற சொல் வருகிறது. முன்னது வெறிகொண்டவன் செயல். பின்னது அரசரின் பெருஞ்சினம். ஓசையால் நெருங்கியும் மதிப்பால் விலகியும் நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஒன்று தெருவில் வளர்ந்தது. மற்றொன்று அரண்மனையில் வளர்ந்தது. அந்த வளர்ப்பின் வரலாற்றையும், அதனால் நாம் அறியத் தகுவனவற்றையும் ஈண்டுக் காண்போம்.

பேச்சு வழக்கில் மூர்க்கம்

மூர்க்கம் என்ற சொல்லை மக்கள் எங்கெங்கு ஆளுகின்றனர் என்று முதலில் நோக்குவோம். "அந்த நாய் மூர்க்கமானது, கிட்டே போகாதே" என்பர். "பையனை மூர்க்கத்தனமாக அடித்துவிட்டான்" என்பர். "எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் மூர்க்கமாக நிற்கிறான்" என்பர். இம்மூன்றனுள் முதல் இரண்டிலும் கொடுமையும் சினமும் கலந்து நிற்கின்றன. மூன்றாவதில் சினம் இல்லை. விடாப்பிடி ஒன்றே உள்ளது. மூர்க்கனையும் முதலையையும் ஒருங்கு வைத்து, இரண்டும் கொண்டதை விடா என்று கூறும் பழமொழியிலும் இவ்விடாப்பிடியே பொருள்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மூர்க்கம் என்பது எல்லார்க்கும் வழங்கும் சொல்லன்று. மதங்கொண்ட யானை, முட்டவரும் காளை, கள்வர் கூட்டம், கலகக் கும்பல் ஆகியவற்றுக்கு அச்சொல் எளிதில் பொருந்துகிறது. தோட்டத்துத் துரை சினந்தால், "துரைக்குக் கோபம் வந்துவிட்டது" என்பதே பேச்சு. பெரட்டில் நிற்கும் தொழிலாளி எதிர்த்துப் பேசினால், "அவன் மூர்க்கன்" என்று சொல்லிவிடுவது எளிது. மேலிருப்பவன் சினத்துக்கு ஒரு சொல்லும், கீழிருப்பவன் சினத்துக்கு வேறொரு சொல்லும் வழங்குவதைப் பேச்சு வழக்கே காட்டிவிடுகிறது. சொல்லின் வரலாறு அறிந்தபின் இதன் முழுப்பொருளும் விளங்கும்.

ஆத்திரம் என்ற சொல்லும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வடமொழியில் 'ஆதுரம்' என்பது நோயுற்று வாடுதலையும், ஒன்றை நாடித் தவித்தலையும் குறிக்கும். தமிழில் அது ஆத்திரமாகி, முதலில் விரைவைக் குறித்தது. பின்னர்ச் சினத்தைக் குறித்தது. "ஆத்திர அவசரத்துக்கு உதவாத பணம்" என்று சொல்கையில் சினம் எதுவும் இல்லை. முட்டுப்பாடும் விரைவுமே உள்ளன. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழியில் விரைவு, சினம் ஆகிய இரண்டு பொருளும் பொருந்தும். விரைந்தவனுக்கும் அறிவு குறைவு; சினந்தவனுக்கும் அறிவு குறைவு என்பது மக்கள் கண்ட உண்மை. அறியாமைக்கும் சினத்துக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு என்பதை இப்பழமொழி நமக்குக் காட்டித் தருகிறது. மூர்க்கம் என்ற சொல் நடந்துவந்த பாதையும் அதுவே.

பேதைமையிலிருந்து சினத்துக்கு

'மூர்க்க' என்பது வடமொழிச் சொல். அங்கு அதன் பொருள் அறிவிலி என்பதே. இன்றும் இந்தி பேசுவோர் ஒருவனை 'மூர்க்' என்றால், முட்டாள் என்று கூறுவதாகவே பொருள். சினம் அதில் இல்லை. வடமொழி இலக்கண மரபினர் இச்சொல்லை மயங்குதல் என்னும் பொருளுடைய 'முஹ்' என்னும் வேரோடு சேர்ப்பர். மோகம், மூடன் என்பன அவ்வேரிற் பிறந்தவை. பிற்கால ஆய்வாளர் உறைதல், கட்டியாதல் என்னும் பொருளுடைய 'மூர்ச்' என்னும் வேரோடு சேர்ப்பர். உணர்வு உறைந்துபோவது மூர்ச்சை. உருவங்கொண்டு திரண்டு நிற்பது மூர்த்தி. அறிவு உறைந்துபோனவன் மூர்க்கன். கோயிலில் வணங்கப்படும் மூர்த்தியும் தெருவில் வையப்படும் மூர்க்கனும் இம்முறையில் உறவினராகின்றனர் என்பது வியப்புக்குரியது.

இச்சொல் தமிழுக்கு வந்த காலத்தில் மூலப்பொருளோடுதான் வந்தது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் அச்சோப் பதிகத்தில், வீடுபேற்று நெறி அறியாதவரையே மூர்க்கர் என்று குறிக்கிறார். அவர்கள் சினந்தவர் அல்லர், அறியாதவர். பின்னர் அச்சொல் மெல்ல நகர்ந்தது. அறியாதவன் தான் கொண்டதே சரி என்பான். அதனால் அறியாமை விடாப்பிடியாயிற்று. விடாப்பிடி உடையவனைத் தடுத்தால் அவன் பாய்வான். அதனால் விடாப்பிடி கடுஞ்சினமாயிற்று. அகராதிகள் மூர்க்கம் என்ற சொல்லுக்குத் தரும் அறியாமை, பிடிவாதம், கடுஞ்சினம் என்னும் மூன்று பொருள்களும் இந்நகர்வின் மூன்று படிகளாகும்.

அண்டை மொழியாகிய மலையாளத்தில் இச்சொல் மற்றொரு பக்கம் திரும்பிற்று. அங்கு 'மூர்க்கன்' என்றால் நல்லபாம்பு. படமெடுத்து நின்ற இடத்தில் நின்று சீறும் பாம்புக்கு அப்பெயர் இட்டோர், பிடிவாதத்தையும் சினத்தையும் ஒருங்கே கண்டனர் போலும். சீறு என்னும் வினையிலிருந்து நாம் சீற்றம் என்ற சொல்லைப் பெற்றோம்; மலையாளிகள் மூர்க்கம் என்னும் பண்பிலிருந்து பாம்பின் பெயரைப் பெற்றனர்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு சொல்லும் தமிழில் உண்டு. அது வெகுளி. தொல்காப்பியத்தில் வெகுளி என்றால் சினம். திருக்குறளில் 31ஆம் அதிகாரம் 'வெகுளாமை'. ஆனால் இன்றைய பேச்சில் "அவள் வெகுளிப் பெண்" என்றால், சூதுவாது அறியாதவள் என்றே எவரும் கொள்வர். சினத்தைக் குறித்த சொல் கள்ளமற்ற பேதைமைக்கு வந்தது. பேதைமையைக் குறித்த சொல் சினத்துக்குப் போயிற்று. வெகுளியும் மூர்க்கமும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கின்றன. வகுப்பில் 'வெகுளாமை' நடத்தும் ஆசிரியர் இப்பொருள் மாற்றத்தை முன்னரே கூறாவிட்டால், மாணவர் 'சூது கற்றுக்கொள்ளல்' என்று பொருள் கொண்டாலும் வியப்பில்லை.

அரண்மனை ஏறிய சொல்

இனி, கடல் கடந்து சென்ற உடன்பிறப்பைக் காண்போம். மலாய் மொழியில் பொதுமக்கள் சினம் 'மாரா'. ஆசிரியர் சினந்தாலும், அண்டைவீட்டார் சினந்தாலும் அச்சொல்லே வரும். 'முர்கா' என்பது அரசர்க்கும் இறைவனுக்கும் உரியது. நம் கோயில் வழக்கில் இறைவன் துயிலைத் திருக்கண் வளர்தல் என்றும், உண்பதை அமுது செய்தல் என்றும் கூறுவது போல, மலாய் மரபிலும் அரசர்க்கெனத் தனிச் சொற்கள் உண்டு. மக்கள் உண்பது 'மாக்கான்', அரசர் உண்பது 'சந்தாப்'. மக்கள் உறங்குவது 'தீடோர்', அரசர் உறங்குவது 'பெராடு'. அவ்வரிசையில் அரசரின் சினம் 'முர்கா' ஆயிற்று.

இது வெறும் மரியாதை வழக்கு மட்டும் அன்று, சட்டமாகவே இருந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், தொகுக்கப்பெற்ற 'உண்டாங் உண்டாங் மலாக்கா' என்னும் சட்ட நூல் ஐந்து சொற்களை அரசவைக்கே உரியனவாக வரையறுத்தது. அவை தித்தா, பாதிக், முர்கா, குர்னியா, அனுகெரா என்பன. தித்தா என்பது அரசரின் மொழி. பாதிக் என்பது அரசர் முன் குடிமகன் தன்னைச் சுட்டிக்கொள்ளும் சொல். குர்னியாவும் அனுகெராவும் அரசர் அளிக்கும் அருட்கொடை. முர்கா அரசரின் சினம். இவற்றைப் பிறர் முறைமாற்றி வழங்கினால் தண்டனையும் அந்நூலில் உண்டு.

இவ்வைந்தனுள் மூன்று நமக்குத் தெரிந்த முகங்களே. குர்னியா என்பது காருண்யம். அனுகெரா என்பது அனுக்கிரகம். முர்கா என்பது மூர்க்கம். அருளுக்கு இரண்டு சொற்களும் சினத்துக்கு ஒரு சொல்லுமாக வடமொழி மலாய் அரண்மனைக்குள் நுழைந்திருக்கிறது. அருட்சொற்கள் பின்னர் அரண்மனையை விட்டு வெளியே வந்துவிட்டன. இன்று பள்ளிகளில் நடைபெறும் பரிசளிப்பு நாளுக்கும் 'அனுகெரா' என்ற சொல்லை எழுதுகின்றனர். மாணவன் பெறும் நற்சான்றிதழும் அனுகெராதான். முர்காவோ, செய்தித்தாள்கள் சிற்சில வேளை பிறர்க்கு ஆண்டாலும், பெரும்பாலும் தன் பழைய இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறது.

முர்காவுக்கு இணையாகக் கீழே நிற்கும் சொல் 'டெர்ஹாகா'. அரசர்க்கு இரண்டகம் செய்தல் என்பது அதன் பொருள். இதுவும் நாம் துரோகம் என்று வழங்கும் வடசொல்லின் கிளையே. பாங்கா தீவில் கிடைத்த 686ஆம் ஆண்டின் கோத்தா கப்பூர்க் கல்வெட்டிலேயே துரோகம் செய்வோர் மீது சாபம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே மலாய் உலகில் வடசொற்கள் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சிமொழியில் வேரூன்றியவை. குடிமகன் செய்யும் பெரும்பிழை டெர்ஹாகா. அதற்கு அரசரிடமிருந்து வருவது முர்கா.

கோல சிலாங்கூருக்குச் செல்வோர் புக்கிட் மெலாவதி என்னும் குன்றின் மீது இவ்விரு சொற்களையும் கல்லிலேயே காணலாம். 1784இல் ஒல்லாந்தர் இக்குன்றிலிருந்த கோட்டையைப் பிடித்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அங்கே அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். அக்குன்றில் ஒரு தட்டைக்கல் காட்டப்படுகிறது. இரண்டகம் செய்தோரின் தலை அதன் மீது துணிக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. பழங்காலத்தில் முர்கா என்ற சொல்லைக் கேட்டவர் உள்ளம் ஏன் நடுங்கிற்று என்பதை அக்கல் சொல்லும்.

ஆயினும் மலாய் மரபு அச்சினத்துக்குக் கரை கட்டாமல் விட்டதில்லை. செஜாரா மெலாயு என்னும் பழைய வரலாற்று நூல், டெமாங் லேபார் டாவுன் என்னும் தலைவர்க்கும் சாங் சபூர்பா என்னும் மன்னர்க்கும் இடையே நிகழ்ந்த ஓர் உடன்படிக்கையைக் கூறுகிறது. குடிகள் எவ்வளவு பெரிய பிழை செய்தாலும், மன்னர் வழியினர் அவர்களை இழிவுபடுத்துதலும் தீச்சொல்லால் வைதலும் ஆகா. பிழை கொடிதாயின் முறைப்படி தண்டிக்கலாம். குடிகளும் மன்னர்க்கு இரண்டகம் செய்தல் ஆகா. டெர்ஹாகாவுக்கு எல்லை வகுத்த அதே உடன்படிக்கை முர்காவுக்கும் எல்லை வகுத்தது. உயிரைப் போக்கும் அதிகாரம் உடையவனுக்கும் மானத்தைப் போக்கும் அதிகாரம் இல்லை என்னும் இக்கொள்கை நினைவில் வைக்கத்தக்கது.

தமிழ் வழியே சென்றதா?

இவ்விடத்தில் தமிழன்பர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் பல உண்டு. கப்பல் அங்கும் காப்பால், கடை கெடாய், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி, முதல் மோடால், மாம்பழம் மெம்பெலாம், சும்மா சூமா. இவை வணிகரும் தொழிலாளரும் கொண்டுசென்றவை. மூர்க்கமும் இவ்வாறு தமிழர் வாய்வழிச் சென்றதென்று கூறலாமா? இரு மொழியிலும் பேதைமை சினமாக மாறியிருப்பது அவ்வாறு எண்ணத் தூண்டும்.

ஆயினும் சாவக மொழியை இடையில் வைத்துப் பார்த்தால் வேறு வழி தெரிகிறது. பழஞ்சாவக மொழியிலும் 'மூர்க' என்ற சொல் உண்டு. அங்கு அது தீமை, கொடுமை, அடங்காத வேட்கை என்னும் பொருளில் வழங்கியது. 'அங்காரா முர்கா' என்ற இணைச்சொல் சாவகத்திலும் இந்தோனேசிய மொழியிலும் இன்றும் உயிரோடு உள்ளது. அங்காரா என்பது அகங்காரம். செருக்கும் கொடுமையும் சேர்ந்த பேராசையை அத்தொடர் சுட்டும். மேலும், மேலே கூறிய துரோகம், காருண்யம், அனுக்கிரகம் ஆகியன யாவும் அரசவையும் சமயமும் கொண்டுவந்த சொற்கள். கடைத்தெரு கொண்டுவந்தவை அல்ல. அக்கூட்டத்தைச் சேர்ந்ததே முர்கா. ஸ்ரீவிஜயக் கல்வெட்டுகளின் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது. ஆதலின் தென்னாட்டின் கை அதில் உண்டு. சொல்லை மட்டும் தமிழ்ச்சொல் என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது.

உரிமை கொண்டாடுவதை விட உயர்ந்த செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஒரே வித்தினை இருவேறு நிலத்தில் விதைத்தபோது, இரண்டிடத்தும் அது சினமாகவே முளைத்தது. அறிவு மங்குமிடத்தில் சினம் பிறக்கிறது என்னும் உண்மையைத் தமிழரும் கண்டனர்; மலாய் மக்களும் கண்டனர். வேறுபாடு முளைத்தபின் நேர்ந்தது. தமிழில் அச்சொல் கீழிறங்கி வசைச்சொல் ஆயிற்று. மலாயில் மேலேறி முடிசூடிக்கொண்டது.

அமோக்

அரசர் சினம் முர்காவாயின், எளியவன் சினம் எல்லை மீறும்போது மலாய் மொழி அதனை 'அமோக்' என்கிறது. ஒருவன் திடீரென வெறிகொண்டு கண்ணிற் பட்டவரையெல்லாம் தாக்கும் நிலை அது. தமிழில் மூர்க்கம் என்று நாம் சொல்வதற்கு இதுவே நெருங்கிய சொல். போர்த்துக்கேயரான துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாவகர் பற்றி எழுதுகையில் இச்சொல்லைக் குறித்தார். பின்னர் ஆங்கிலமும் அதனை ஏற்றுக்கொண்டது. சிலாங்கூரில் ஆங்கில ஆட்சியாளராக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் 1895இல் வெளியிட்ட மலாய்ச் சித்திரங்கள் பற்றிய நூலில் அமோக் குறித்தே ஒரு கட்டுரை வரைந்தார்.

அமோக் இடம்பெறும் நாவல் ஒன்று கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட வாழ்வில் விளைந்தது. ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்து வாழ்ந்தவர். 1917இல், அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இந்நாளில் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊருக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகமுறையில் செம்பனை பயிரிட்டவர் அவரே. தோட்டத்தின் பெயரே தமிழ்ப்பெயர் என்பதையும் அன்பர்கள் நோக்குக. அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அதில் மலாய் இளைஞன் ஒருவன் அமோக் கொண்டு ஓடுகிறான். கதையின் முடிவு அதனைச் சுற்றியே அமைகிறது. மலாய்ப் பாடல்களில் தோய்ந்தவராகிய போக்கோனியே அவ்விளைஞனை வெறும் கொலைகாரனாக ஆக்காமல், அவன் உள்ளத்தின் வேதனையையும் காட்ட முயன்றார். மற்றைய வெள்ளையர் எழுத்துகள் பலவற்றில் அமோக் என்பது காரணமற்ற வெறி. மலாய் இனத்தோடு பிறந்த நோய். காரணம் இல்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால், காரணத்தைத் தேட வேண்டிய கடமையும் நீங்கிவிடுகிறது.

1941இல் எழுந்த வெகுளி

காரணமுள்ள சினத்துக்குக் காரணமற்ற சினத்தின் பெயரைச் சூட்டினால் என்ன நேரும்? அதற்கும் சிலாங்கூர்த் தோட்டங்களே சான்று.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் அவர்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி. பிள்ளைகளுக்குக் கல்வி, நோயாளிகளுக்கு மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடுதல். கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்குதல். தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தொல்லைப்படுத்தாமை. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை. சங்கம் அமைக்க உரிமை. குறைகூறியவரைப் பழிவாங்காமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் மேற்பணியாளரும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை.

ஆட்சியாளர் இதனை நாதன் போன்றோர் மூட்டிவிட்ட கலகமாகவே கருதினர். மே மாதத்தில் நாதன் சிறைப்படுத்தப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் அதனால் அடங்காமல் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிற்று. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் துறந்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தொல்காப்பியத்தின் துணைகொண்டு நோக்குவோம். மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய வெகுளிக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் கூறுகிறார். உறுப்பை அறுத்தல் ஒன்று, குடிக்குக் கேடு சூழ்தல் ஒன்று, அலைத்தல் ஒன்று, கொலை ஒன்று. குடி என்பதில் மனைவியும் சுற்றமும் குடிப்பிறப்பும் அடங்கும் என்றும், அலைத்தல் என்பதில் வைதலும் அடித்தலும் அடங்கும் என்றும் உரை விரியும். இந்நான்கும் வெகுளுபவனிடம் இருப்பவை அல்ல. அவனுக்குப் பிறர் செய்தவை. வெகுளியைக் கண்டவுடன், "இவனுக்கு இழைக்கப்பட்டது என்ன?" என்று கேட்குமாறு தொல்காப்பியர் நம்மைப் பழக்குகிறார்.

1941இன் கோரிக்கைகளை இப்பட்டியலோடு ஒட்டிப் பார்த்தால், பெண்களுக்கு நேர்ந்த தொல்லை குடிக்குக் கேடு சூழ்தலாகும். கிராணிமார் வசையும் அடியும் அலைத்தலாகும். மிதிவண்டியிலிருந்து இறக்கியதை எதில் அடக்குவது? குடிப்பிறப்பின் மானத்துக்குச் செய்த கேடு என்று கொள்வதே பொருந்தும். கூலிக் காசு சிலவற்றை விட அந்த இறக்கம் தொழிலாளர் நெஞ்சில் ஆழமாகப் புண்செய்தது. ஆதலின் அவர்கள் கொண்டது வெகுளி, மூர்க்கம் அன்று. கோரிக்கைகளை வரிசைப்படுத்திக் கேட்டவரிடம் அறிவு உறைந்துபோயிருக்க இடமில்லை. நீதி கேட்ட கண்ணகியின் சினத்தை எத்தமிழரும் மூர்க்கம் என்று சொல்லத் துணிவதில்லை. காரணம் தெரிந்த சினத்துக்கு அச்சொல் ஒட்டாது என்பதை நம் நா அறியும்.

வள்ளுவரும் இங்கு நினைக்கத்தக்கவர். சினத்தை அடக்கு என்னும் அறிவுரை பெரும்பாலும் எளியவர்க்கே சொல்லப்படுகிறது. வள்ளுவரோ, தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனையே அடக்கியவனாக மதிக்கிறார். பலிக்காத இடத்தில் ஒருவன் அடக்கினாலென்ன, அடக்காவிட்டாலென்ன என்கிறார். அவர் அதிகாரத்தின் முதற்சுமை துரையின் தோளில் விழுகிறது. அதன் பின்னரே தொழிலாளியின் தோளுக்கு வருகிறது. மன்னர் குடிகளை வைதல் ஆகாது என்ற செஜாரா மெலாயுவின் உடன்படிக்கையும் இவ்வறத்தையே கூறிற்று. முர்காவும் மூர்க்கமும் மதிப்பில் எவ்வளவு விலகினும், சினத்தின் பொறுப்பு வலியவனைச் சேர்ந்தது என்பதில் இரு மரபும் ஒன்றுபடுகின்றன.

ஆசிரியர் கையில்

ஆகவே இச்சொற்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் மூன்று செய்திகளை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். முதலாவது, மலாய்ப் பாடத்தில் முர்கா, குர்னியா, அனுகெரா, டெர்ஹாகா என்பன வரும்போது, அவற்றை மூர்க்கம், காருண்யம், அனுக்கிரகம், துரோகம் என்பவற்றோடு அருகருகே எழுதிக் காட்டலாம். சுங்கை பெசாரில் இரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டும் ஒருங்கே மனத்தில் பதியும். அண்டைவீட்டு மொழி அயல்மொழியாகத் தோன்றாது. இரண்டாவது, உறவு ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதை வற்புறுத்தல் வேண்டும். 'அரசர் முர்கா கொண்டார்' என்னும் மலாய்த் தொடரை 'அரசர் மூர்க்கம் கொண்டார்' என்று மொழிபெயர்த்தால், மலாய் நூல் உயர்த்திச் சொன்னதைத் தமிழ் இழித்துச் சொன்னதாக முடியும். 'பெருஞ்சினம் கொண்டார்' என்பதே தக்கது.

மூன்றாவது செய்தியே தலையாயது. கட்டுரை எழுதும் மாணவன் தொழிலாளர் போராட்டத்தையோ குடிமக்கள் கிளர்ச்சியையோ குறிக்கும்போது, மூர்க்கம் என்ற சொல்லை எழுதுவதற்கு முன் சிறிது நிறுத்தி எண்ணப் பழக்க வேண்டும். ஔவை சினம் ஆறவேண்டியது என்றார். பாரதியார் ரௌத்திரத்தைப் பழகச் சொன்னார். இரண்டும் தமிழர்க்கு வேண்டியனவே. எந்தச் சினம் ஆறத்தக்கது, எந்தச் சினம் பழகத்தக்கது என்று பிரித்தறிய, அச்சினத்தின் காரணத்தை முதலில் கேட்க வேண்டும். காரணம் கேட்டறிந்தபின், சினம், வெகுளி, சீற்றம் ஆகிய சொற்களுள் பொருந்தியதை எடுத்து ஆளலாம். காரணம் யாதொன்றும் இல்லாத வெறிக்கு மட்டும் மூர்க்கம் என்ற சொல்லை ஒதுக்கி வைத்துக்கொள்வோமாக.